முதுகு முழுக்க ஜப்பானிய டாட்டூ: கலைஞரை எதில் நம்பலாம், எதில் கூடாது

கேள்வி சுருக்கமாக இதுதான். முதுகு முழுக்க ஜப்பானிய பாணியில் டிராகன் போட்டுக்கொள்ள ஆசை. பார்த்துப் பேசிய கலைஞர் படத்தை முன்கூட்டியே அனுப்ப மாட்டேன் என்கிறார். இடுப்போடு நிறுத்தினால் நன்றாக இருக்காது, தொடை வரை இறங்க வேண்டும் என்கிறார். போனில் சேர்த்துவைத்துக் காட்டிய படங்களில் பாதியை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். அட்வான்ஸும் கேட்கிறார். இவரை நம்பலாமா?

நீங்கள் சொன்ன நான்கில் எதுவுமே எனக்கு உறுத்தவில்லை. இந்தப் பாணியை முறையாகக் கற்றவர் அநேகமாக இப்படித்தான் பேசுவார். உறுத்துவது நீங்கள் சொல்லாத ஒன்று. அவர் முழுதாக முடித்த முதுகு எத்தனை? புண் ஆறி, சில வருடம் ஆன பிறகு அவை எப்படி இருக்கின்றன? இதைப் பார்க்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. பெரிய ஜப்பானிய டாட்டூவில் நீங்கள் தேர்ந்தெடுப்பது ஆளைத்தான், படத்தை அல்ல. ஆளைத் தேர்ந்தெடுக்கும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள். தேர்ந்தெடுத்த பின் அவர் வேலையில் கைவைக்காதீர்கள். கல்யாணச் சமையல்காரரிடம் எத்தனை பேர், என்னென்ன பதார்த்தம் என்று சொல்லிவிட்டு வருவோமே தவிர, அடுப்படியில் நின்று உப்பு அளக்க மாட்டோம் அல்லவா?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் கலைஞரின் பிடிவாதம் கொஞ்சம் புரியும். ஜப்பானின் எடோ காலத்தில், 1827 வாக்கில், உதகாவா குனியோஷி என்ற மரச்செதுக்கு ஓவியர் ஒரு பழைய சீன நாவலின் கலகவீரர்களைத் தொடராக வரையத் தொடங்கினார். அந்த வீரர்கள் பலரின் உடம்பில் டிராகனும் சிங்கமும் அலையும் பச்சை குத்தியிருப்பது போல வரைந்தார். படங்கள் அமோகமாக விற்றன. தீயணைப்புப் படையினர், தச்சர்கள், பல்லக்குத் தூக்கிகள் எல்லாம் அதே போல் தங்கள் முதுகிலும் கேட்க ஆரம்பித்தார்கள். ஆகவே இந்த டாட்டூவின் இலக்கணமே அச்சுப்படத்தின் இலக்கணம். முன்னால் ஒரு நாயகன். பின்னால் அலை, காற்று, மேகம், பாறை. மொத்தமும் ஒரே படம். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டுவதற்கு இதில் இடம் கிடையாது.

1872-இல் மெய்ஜி அரசு பச்சை குத்துவதைத் தடை செய்தது. வெளிநாட்டார் முன்னால் நாகரிகமாகத் தெரிய வேண்டும் என்பது காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்த வெளிநாட்டாரே வரிசையில் நின்று குத்திக்கொண்டார்கள். பின்னாளில் பிரிட்டனின் அரசரான ஐந்தாம் ஜார்ஜ், கடற்படையில் இளைஞராக இருந்தபோது 1881-இல் ஜப்பானில் கையில் ஒரு டிராகன் போட்டுக்கொண்டார். உள்ளூர்க்காரர்களுக்கான தடை 1948-இல்தான், அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில், நீங்கியது. அதுவரை முக்கால் நூற்றாண்டு இந்தத் தொழில் மறைவான அறைகளில், தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வர, குரு சீடன் வழியாக நடந்தது. பெயர்ப்பலகை கிடையாது, விலைப்பட்டியல் கிடையாது. போனவர் என்ன உருவம் வேண்டும் என்று சொல்வார். மீதியைக் கலைஞர் பார்த்துக்கொள்வார். அந்த நடைமுறைதான் இன்றும் ஜப்பானுக்கு வெளியே இந்தப் பாணியில் வேலை செய்பவர்களிடமும் மிச்சமிருக்கிறது.

சரி, உங்கள் நான்கு விஷயத்துக்கு வருகிறேன்.

படத்தை அனுப்பாதது. காகிதம் தட்டை, முதுகு அப்படியில்லை. தோள்பட்டை எலும்பு கையைத் தூக்கினால் ஒரு இடத்திலும் இறக்கினால் இன்னொரு இடத்திலும் இருக்கும். நடுவில் முதுகெலும்புப் பள்ளம். இடுப்புக்கு மேல் உள்வாங்கி, கீழே மறுபடி புடைக்கும். டிராகனின் உடல் இந்த மேடு பள்ளத்தோடு வளைந்து போனால்தான் உயிர் வரும். அதனால் பல பேர் ஒன்று தோலின் மேலேயே மார்க்கர் பேனாவால் நேராக வரைவார்கள், அல்லது உங்கள் முதுகின் மேல் காகிதத்தை வைத்து அளவெடுத்து அதற்கேற்ப ஸ்டென்சில் தயாரிப்பார்கள். முன்கூட்டி அனுப்பும் படத்துக்கு இதில் பெரிய அர்த்தமில்லை. இன்னொரு காரணத்தையும் அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள்: அனுப்பிய படம் விலை குறைந்த கடைக்குப் போய்விடும். அதுவும் இல்லாவிட்டால் ஒரு வாரம் போனில் கிடந்து பத்து நண்பர்களின் அபிப்பிராயத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்.

ஆனால் படம் தோலில் ஏறிய அன்று, ஊசி தொடுவதற்கு முன் உள்ள அந்த அரைமணி நேரம் முழுக்க உங்களுடையது. படுத்தபடி பார்க்காதீர்கள். எழுந்து, கையைத் தொங்கவிட்டு, உடம்பை விறைக்காமல் நின்று இரண்டு கண்ணாடி வைத்துப் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கையைத் தூக்கி இன்னொன்று. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, முகம் பள்ளத்தில் விழுந்து கோணுகிறதா, பத்தடியிலிருந்து இது டிராகன் என்று தெரிகிறதா என்று பாருங்கள். ஏதாவது நெருடினால் அப்போதே வாயைத் திறந்து சொல்லுங்கள். துடைத்துவிட்டு மறுபடி வரைவது அவர் வேலையில் ஒரு பகுதி. நல்ல கலைஞர் முகம் சுளிக்க மாட்டார். "ஊசி போட்டதும் சரியாகிவிடும்" என்று சொல்பவரிடமிருந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

இடுப்போடு நிறுத்துவது. ஜப்பானிய மரபில் முதுகு என்றால் கழுத்தடியிலிருந்து புட்டத்துக்குக் கீழே, தொடையின் மேல்பகுதி வரை. அந்த நீளம் இருந்தால்தான் டிராகனுக்குச் சுருண்டு இறங்க இடம் கிடைக்கும். இடுப்போடு வெட்டினால் படம் ஏறக்குறைய சதுரமாகி, கத்தரித்த போஸ்டர் போலாகிவிடும். பின்னால் காலிலோ கையிலோ தொடர வேண்டும் என்று தோன்றினால் சேர்ப்பதும் கடினம். படத்தின் விளிம்பு எங்கே, எப்படி முடிய வேண்டும் என்பதற்கே ஜப்பானியர்கள் மிகிரி என்று பெயர் வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். பியோனிப் பூவிதழ் போல அலையலையாக முடிவது ஒன்று, கத்தியால் வெட்டியது போல நேராக முடிவது ஒன்று, விடியல் வானம் போல மெல்ல மங்கிக் கரைவது ஒன்று. விளிம்புக்கே இவ்வளவு யோசிப்பவரிடம் போய் "பெல்ட் வரைக்கும் போதும்" என்றால் அவர் தயங்கத்தான் செய்வார்.

கூச்சம் இருக்கும், அது இயல்பு. மறைப்பு, துணி, தடுப்பு எல்லாம் கேளுங்கள். குறிப்பாகப் பெண்கள், கூட ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம். அதற்கு மறுப்புச் சொல்லும் கலைஞரிடம் எவ்வளவு திறமை இருந்தாலும் எனக்கு அவர் தேவையில்லை.

படங்களை ஒதுக்கியது. டிராகன், கோய் மீன், ஹன்யா என்ற பேய் முகமூடி, சாமுராய், தாமரை, செர்ரிப் பூ, மேப்பிள் இலை என்று எல்லாவற்றையும் காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் ஒரு முதுகுக்கு ஒரு நாயகன் போதும். மிஞ்சிப் போனால் ஒரு துணை. யாருக்கு யார் துணை என்பதிலும் வழக்கம் உண்டு. சிங்கத்துக்குப் பியோனி, புலிக்கு மூங்கில், மானுக்கு மேப்பிள். அருவியை எதிர்த்து ஏறும் கோய் மீன் டிராகன் வாசலைத் தாண்டினால் டிராகனாகும் என்பது கதை; ஆகவே இரண்டையும் வைத்தால் அதற்கொரு காரணம் இருக்கும். செர்ரி வசந்தம், மேப்பிள் இலையுதிர் காலம். இரண்டையும் ஒரே படத்தில் போடுபவர்களும் உண்டு, ஆனால் தெரிந்து போடுவது வேறு, அழகாக இருக்கிறது என்று திணிப்பது வேறு.

இதை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளினாலும், காலம் தள்ள விடாது. மை தோலின் உள்ளடுக்கில் மேக்ரோஃபேஜ் என்ற செல்களுக்குள் தங்குகிறது. அந்த செல்கள் சாகும்போது வெளிவரும் மையைப் புதிதாக வரும் செல்கள் விழுங்கிக்கொள்கின்றன என்று பிரான்சில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-இல் காட்டியது. டாட்டூ நிலைப்பது அதனால்தான். ஆனாலும் வருடங்கள் போகப் போகக் கோடுகள் மெல்லத் தடிக்கும், ஓரம் மழுங்கும். நெருக்கமாகத் திணித்த சின்ன விவரங்கள் ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும். டிராகன் தலை மட்டுமே இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்த அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று அவர் சொன்னால் பயந்து "கொஞ்சம் சின்னதாக" என்று பேரம் பேசாதீர்கள். பெரிய டாட்டூ போட்டவர்கள் பின்னால் பெருமூச்சு விடுவது பெரும்பாலும் இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாமே என்றுதான்.

நம் நிறத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மை இருப்பது தோலுக்கு நிறம் தரும் மெலனினுக்குக் கீழே. பழுப்புத் தோலில் எந்த நிறத்தையும் ஒரு பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறோம். வெளிர் மஞ்சளும் வெள்ளையும் சில மாதத்தில் அமுங்கிவிடும். கறுப்பும் அடர் சிவப்பும் நிற்கும். பின்னணியைக் கறுப்பில் படிப்படியாக மங்க வைக்கும் பொகாஷி என்ற ஷேடிங் நம் தோலில் மிக நன்றாக எடுக்கும். தோலை வெறுமனே விட்ட இடம்தான் அங்கே வெளிச்சம். ஆகவே உங்கள் கலைஞர் ஆறிப்போன பழுப்பு உடம்புகளைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். வெள்ளைத் தோலில் பளிச்சென்று இருக்கும் போட்டோ உங்களுக்கு எதையும் சொல்லாது.

போட்டோ என்றதும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இன்ஸ்டாகிராமில் இருப்பவை பெரும்பாலும் அன்றைக்கே எடுத்தவை: தோல் ஈரமாக, சிவந்து, மை கொழகொழவென்று. அந்த நேரத்தில் எல்லா டாட்டூவும் அழகுதான். நீங்கள் கேட்க வேண்டியது ஆறு மாதம், மூன்று வருடம், ஐந்து வருடம் ஆனவை. முடிந்தால் அந்த முதுகுக்காரர் ஒருவரை நேரில் சந்தியுங்கள். நீளக் கோடுகள் நடுக்கமில்லாமல் ஒரே தடிமனில் போகின்றனவா? செதில்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கின்றனவா? டிராகனின் உடம்பை வாலிலிருந்து தலை வரை விரலால் தொடர முடிகிறதா, நடுவில் எங்காவது காணாமல் போகிறதா? இது பயிற்சி இல்லாதவர் சறுக்கும் இடம். மேகத்துக்குள் மறைத்துச் சமாளிப்பார்கள். கறுப்பு ஷேடிங்கில் திட்டுத்திட்டாகத் தெரிகிறதா? தழும்பு போலத் தடித்திருந்தால் ஊசி ஆழமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

தொடங்கிய முதுகுகளை எண்ணாதீர்கள், முடித்தவற்றை எண்ணுங்கள். பாதியில் நிற்கும் முதுகுகள் நிறைய இருந்தால் ஆட்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று விசாரியுங்கள். சில நேரம் பணம், சில நேரம் வலி, சில நேரம் கலைஞர்.

பெயருக்கு முன்னால் ஹொரி என்று இருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அது குரு சீடனுக்குக் கொடுக்கும் பட்டம். யாருக்கு எப்போது கொடுத்தார் என்பதில்தான் மதிப்பு. மூன்றாம் ஹொரியோஷி 1971-இல் யோகோஹாமாவில் முதலாம் ஹொரியோஷியிடம் சேர்ந்து கற்று அந்தப் பெயரைப் பெற்றவர். இன்று தனக்குத்தானே சூட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். மறுபக்கம், ஜப்பானியராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமெரிக்க டாட்டூ கலைஞர் எட் ஹார்டி 1973-இல் ஜப்பானின் கிஃபூவுக்குப் போய் ஹொரிஹிதே என்ற கலைஞரின் பட்டறையில் வேலை பார்த்தார். சுவிட்சர்லாந்தில் ஃபிலிப் லியூ முழு உடம்பு வேலைகளுக்காக உலகம் முழுக்க மதிக்கப்படுகிறார். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் உங்கள் கலைஞர் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

கையால் குத்தும் தெபோரியா, மெஷினா என்றும் சிலர் குழம்புகிறார்கள். மூன்றாம் ஹொரியோஷியே கோடுகளுக்கு மெஷினையும் ஷேடிங்குக்குக் கையையும் பயன்படுத்தியவர். அதற்காக இந்த முடிவை நிறுத்திவைக்க வேண்டாம்.

நேரமும் பணமும். ஒரு முழு முதுகுக்கு 30 முதல் 60 மணி நேரம் என்று மனதில் வையுங்கள். நுணுக்கத்தைப் பொறுத்து மேலும் போகும். ஒரு செஷன் இரண்டு முதல் நான்கு மணி நேரம். நடுவில் தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம். ஒரு வருடம் இரண்டு வருடம் ஆவது சகஜம். முதலில் மொத்த அவுட்லைன், அப்புறம் கறுப்பு ஷேடிங், கடைசியில் நிறம். அவுட்லைன் ஏறிவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. பாதியில் வேறு கலைஞரிடம் போனால் நல்லவர்கள் தொட மாட்டார்கள். தொடுபவர்களிடம் நீங்கள் போகக் கூடாது. அட்வான்ஸ் கேட்பது சரியே, உங்களுக்காக அவர் நாளை ஒதுக்கி வரைகிறார். ஆனால் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். செஷனுக்குச் செஷன் கொடுப்பதுதான் இருவருக்கும் நல்லது. மாதம் ஒரு செஷனுக்குக் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நம்பிக்கை அவர் பக்கமிருந்தும் வர வேண்டும் அல்லவா? வயிறார சாப்பிட்டு வாருங்கள். முந்தின இரவு மது வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுக்காத ஆஸ்பிரினும் வேண்டாம். முதுகெலும்பு, விலா, புட்டம், தொடையின் பின்பக்கம் எல்லாம் நன்றாகவே வலிக்கும். மூச்சை அடக்காமல் நிதானமாக விடுங்கள். சொன்ன தேதிக்கு வாருங்கள். ஆறும் வரை வெயில், நீச்சல் குளம், கடல் எதுவும் வேண்டாம். மூன்று செஷன் ஒழுங்காக உட்கார்ந்தவருக்குக் கலைஞரின் கை தன்னால் தாராளமாகும்.

இனி நம்பவே கூடாத பகுதி. கலை விஷயத்தில் விட்டுக்கொடுத்த அளவுக்குச் சுத்த விஷயத்தில் கறாராக இருங்கள். ஊசி உறை உங்கள் கண் முன் பிரிக்கப்பட வேண்டும். கையால் குத்தும் கருவியென்றால், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் எங்கே என்று கேளுங்கள். மை சின்னச் சின்னக் கப்பில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்ட வேண்டும். போன் எடுத்த கையுறையோடு மறுபடி தோலைத் தொட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். மை பாட்டிலில் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்ட மை கிடைத்தால் நல்லது. ஒவ்வாமை அதிகம் கிளப்புவது சிவப்பு. அதை ஓரமாக ஒரு சிறு இடத்தில் போட்டுச் சில வாரம் பார்த்துவிட்டு மீதியைப் போடச் சொல்லலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, ஆறு மாதம் ஆகும், இப்போதே தொடங்குங்கள். காது குத்திய இடத்திலோ அம்மைத் தழும்பிலோ கீலாய்டு என்ற தடித்த தழும்பு வளர்ந்தவராக இருந்தால், அல்லது சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால், முதலில் தோல் மருத்துவர். இதில் கலைஞரின் "ஒன்றும் ஆகாது" செல்லாது.

சாமி உருவங்கள் வேண்டும் என்று பின்னால் தோன்றலாம். இந்த மரபில் அடிக்கடி வரும் ஃபுடோ மியோவோ என்ற பௌத்தக் காவல் தெய்வம் நம் பக்கத்து அசலர்தான். பென்சைத்தென் நம் சரஸ்வதி. இவர்களை இடுப்புக்குக் கீழே போட மறுக்கும் கலைஞர்கள் உண்டு. வெளிநாட்டார் ஒருவர் காலில் எல்லம்மா உருவத்தோடு பெங்களூரு உணவகத்தில் உட்கார்ந்து 2015-இல் மாட்டிக்கொண்டது செய்தியானது. உங்கள் கலைஞர் மறுத்தால் விவாதம் செய்யாதீர்கள்.

வேலை விஷயம் உங்கள் பொறுப்பு. கலைஞர் சொல்லித் தர மாட்டார். இந்திய ராணுவத்தில் சேரும் எண்ணம் இருந்தால் முதுகு டாட்டூ அதோடு ஒத்துப் போகாது. முன்கையின் உட்பக்கம், புறங்கை தவிர மற்ற இடங்களில் நிரந்தர டாட்டூவுக்கு அங்கே அனுமதியில்லை. ஜப்பானுக்கே சுற்றுலா போனால் பல வெந்நீர்க் குளியலிடங்களில் உள்ளே விட மாட்டார்கள். டாட்டூ குத்துவது மருத்துவத் தொழில் அல்ல, அதற்கு டாக்டர் உரிமம் தேவையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னதே 2020 செப்டம்பரில்தான். குளியலிடங்களின் மனநிலை அவ்வளவு வேகமாக மாறாது. தனிக் குளியலறை உள்ள விடுதியாகப் பார்த்து எடுக்க வேண்டியதுதான்.

ஆக, அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது படத்தைக் கேட்காதீர்கள். முடித்த முதுகுகளைக் காட்டச் சொல்லுங்கள். அதில் குறைந்தது இரண்டு பழுப்புத் தோலாக, மூன்று வருடத்துக்கு மேல் ஆனதாக இருக்கட்டும். பிடித்திருந்தால், டிராகன் வேண்டும், தலை இந்தப் பக்கம் பார்க்க வேண்டும், முகத்தில் கோபம் வேண்டுமா நிதானம் வேண்டுமா, நிறமா கறுப்பு மட்டுமா என்ற நான்கை மட்டும் சொல்லிவிட்டு அட்வான்ஸைக் கொடுங்கள். முடித்த முதுகு ஒன்றுகூட அவரிடம் இல்லையென்றால், ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய முதல் முதுகு உங்களுடையதாக வேண்டாம். மேல்கையில் அரைக்கை அளவுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, ஒரு வருடம் கழித்து அது எப்படி ஆறியிருக்கிறது என்று பாருங்கள்.